நண்டுக்குப் பத்துக் கால்

பத்தாம் வாய்ப்பாட்டை நான் நண்டை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, ஆகப் பத்து. இரண்டு நண்டுக்கு இருபது, மூன்று நண்டுக்கு முப்பது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளை எதுவும் இதில் தடுமாறாது. "இறாலுக்கும் பத்துதான் டீச்சர். நீஞ்சுறதுக்கு வயித்துக்குக் கீழ வேற கால் இருக்கு" என்று இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னாள் பாருங்கள், எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரிய வகுப்பு விலங்கியலில் படிக்கிற சங்கதி அது!

நண்டில் ஆண் எது, பெண் எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு பொடியன்தான். கொடுக்கு கைக்கு எட்டாதபடி பின்பக்கமாகப் பிடித்து, மல்லாக்கத் திருப்பி, அடிவயிற்று மடிப்பை விரலால் காட்டினான். குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அன்றைக்கு அவன் ஆசிரியர், நான் மாணவி. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

அறிந்ததிலிருந்து அறியாததற்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அது எவ்வளவு பெரிய உண்மை என்று இந்த ஊர்தான் எனக்குக் காட்டியது. மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி என்று மீனை வாலைப் பார்த்தே பெயர் சொல்லும் குழந்தைக்கு, வகைப்படுத்துதல் என்ற பாடத்தைப் புதிதாகவா நடத்த வேண்டும்? மழைக்காலத்தில் ஆரணி ஆற்றுத் தண்ணீர் வந்து விழுந்தால் ஏரியில் உப்பு குறையும், கோடையில் ஏறும். இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும், அதனால் முகத்துவாரம் தூர்ந்துபோனால் இறால் வரத்து படுத்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகப் பேசுகிறார்கள்.

இதில் பாடு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. இறாலுக்குச் சுத்துவலை கட்டும் நல்ல இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். வலுத்தவனே அவற்றை வளைத்துக்கொள்ளாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் போட்டு, முறை மாற்றி எடுத்துக்கொள்கிறார்கள். மீதி வரும் வகுத்தலுக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்? மூன்று ஊர், நாளுக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். இன்று முதல் ஊருக்கு முறை என்றால் 20ஆம் நாள் யாருக்கு? சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது. "18ஓட ஆறு சுத்து முடிஞ்சிடும் டீச்சர். 19 மொத ஊரு, 20 ரெண்டாவது ஊரு." பிறகு ஒருநாள் வகுப்பில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று சண்டை வந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. நோட்டுத் தாளைக் கிழித்து, பெயர் எழுதி, சீட்டுக் குலுக்கி, அவர்களே பாடு போட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு அந்த இடத்துக்காகச் சண்டையே வந்ததில்லை.

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.35க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. எங்களுக்கு அது வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம். வகுப்புச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஒரு பெண்ணிடம் கொடுத்து, எல்லோரும் வெளியே வந்து நின்றோம். வானத்தில் நெருப்பு தெரிந்ததும் அவள் வினாடி முள்ளைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். மற்றவர்கள் மூச்சுக் காட்டவில்லை. ராக்கெட் ஏறிக்கொண்டே இருக்கிறது, சத்தம் இல்லை. நூறு வினாடியை நெருங்கும்போது வந்ததே ஓர் உறுமல், நெஞ்சுக்கூடு அதிர! ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், அப்படியென்றால் மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 100ஐ 3ஆல் வகுத்தார்கள். 33 சொச்சம். உள்ளே ஓடிப்போய் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். கிட்டத்தட்ட சரியாக வந்தது. ராக்கெட் தளம் எவ்வளவு தூரம் என்பதைத் தங்கள் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்! ராக்கெட் விடும்போது கடலுக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு அந்த ராக்கெட் சொந்தமாகிவிட்டது.

வரலாற்றுக்கும் பஞ்சமில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இங்கேதான் இருந்தது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குக் கேள்விகள்தான்.

2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கிற நிலையிலிருந்து தொடங்கச் சொல்கிற அந்த ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். அதோடு குழந்தை நிற்கிற கரையையும் சேர்த்துக்கொண்டால் பாடம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஆசிரியத் தோழர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த மாறுதல் கலந்தாய்வில் மீஞ்சூர் ஒன்றியத்து ஏரிக்கரைப் பள்ளி எதிலாவது காலியிடம் இருந்தால், தூரம் என்று தள்ளிவிடாதீர்கள். பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கிறது. தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.