பழியும் சாவும்: குற்றத் திரைப்படங்களில் எதிர்த்தலைவன் முடிவு

பழிவாங்கும் எதிர்த்தலைவன் குற்றத் திரைப்படங்களின் இறுதியில் மாண்டுபடுதல் பெருவழக்கு. தலைவனுக்குரிய வீரமும் ஈகையும் உடையனாய், அறநெறிக்குப் புறம்பான செயலால் தன் வஞ்சினம் முடிப்பவனையே ஈண்டு எதிர்த்தலைவன் என்கிறோம். அவன் சாவுக்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் தணிக்கையைச் சுட்டுவர். 1934 முதல் அமெரிக்கத் திரையுலகில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்ட ஒழுக்க விதித்தொகுதி, குற்றம் வெற்றி பெறுவதாகக் காட்டுதலை விலக்கியது. இந்தியாவில் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் தணிக்கைக்கு வகைசெய்தது. இக்காரணம் உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. குற்றவாளி தண்டம் பெறுக எனத் தணிக்கை கூறலாம். யார் கையால் என்று அது கூறாது. யார் கையால் என்பதே கதையின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

1. சொல் காட்டும் நெறி

தமிழில் 'பழி' என்னும் சொல் இருபொருள் தாங்கியது. தீங்கிற்கு மாறாகச் செய்யும் தீங்கு ஒன்று. குற்றமும் அதுபற்றி உலகம் தூற்றும் தூற்றலும் மற்றொன்று. திருக்குறளில் பின்னைய பொருளே பெரும்பான்மை. இனிப் 'பழி வாங்குதல்' என்னும் வழக்கை உற்று நோக்குவோமாயின், வாங்குவோன் எதனை வாங்குகிறான் என்னும் வினா எழும். பகைவன்பால் இருந்த குற்றத்தைத் தன் கையில் ஏற்றுக்கொள்கிறான் என்பதே விடையாம். இது சொற்பிறப்பு ஆராய்ச்சியன்று. வழக்கில் உறையும் கருத்தை எடுத்துக்காட்டலே. ஒருவன் கையில் ஏறிய பழியை வாங்குதற்கு இன்னொருவன் வருவான். அத்தொடரில் எதிர்த்தலைவனின் சாவும் ஒரு கண்ணி.

இக்கருத்து நம் காப்பியத்திற்குப் புதிதன்று. மதுரையை எரித்த கண்ணகிக்கு மதுராபதித் தெய்வம் முற்பிறப்பு வரலாறு உரைக்கின்றது. பரதன் என்னும் பெயரினனாய் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அரற்றித் திரிந்து, சாபமிட்டு, மலையேறி உயிர் துறந்தாள். கண்ணகியும் 14ஆம் நாள் வேங்கை நிழலினின்று விண்ணேறுகிறாள். பாண்டியன்முன் அவள் வழக்கு நேரியதே. எனினும் அவ்வழக்கிற்கும் முன்னொரு வழக்கு உண்டு என இளங்கோவடிகள் காட்டுகிறார். பழி முடித்தவள் இவ்வுலகில் தங்குதல் இல்லை.

2. 'நாயகன்'

1987இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' இந்நெறிக்குத் தக்க சான்று. வெகுளி பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியம் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு கூறும். வேலுவின் வெகுளி கொலையிற் பிறந்தது. தந்தையைக் கொன்ற காவலரை அவன் இளமையிலேயே குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகிறான். வளர்த்த தந்தையைக் காவலில் கொன்ற கேள்கரைப் பின்னர் அடித்துக் கொல்கிறான். தாராவி மக்களுக்கு அவன் காவலன். மகள் சாருமதிக்கோ அவன் கொலைஞன். 'பழி' என்பதன் இரண்டாம் பொருள் அவள் வாயிலாகவே பேசுகிறது.

இறுதியில் வழக்குமன்றம் அவனை விடுவிக்கிறது. தணிக்கைக்கு அஞ்சி எழுதிய முடிவாயின், தண்டம் அங்கேயே விதிக்கப்பட்டிருக்கலாம். மாறாக, கேள்கரின் மகன் அஜித் காவலர் உடையில் வந்து அவனைச் சுட்டுக் கொல்கிறான். வேலுவின் பாத்திரத்திற்கு வரதராச முதலியாரின் வாழ்க்கை தூண்டுதலாயிற்று என்பது பலரும் அறிந்தது. அவரோ படம் வெளிவந்தபோது உயிரோடிருந்தார். 1988இல் சென்னையில் இயற்கை எய்தினார். ஆகவே இச்சாவு வரலாறு தந்ததன்று. கதையின் நியாயம் வேண்டி நின்றது.

எனினும் ஒரு குறை உண்டு. அஜித் மனவளர்ச்சி குன்றியவனாகப் படைக்கப்பட்டுள்ளான். வேலுவுக்கு இருந்த அதே உரிமை அவனுக்கும் உண்டு என்பதைத் தெளிந்த அறிவுடைய ஒருவன் வாயால் கேட்க நேர்ந்திருப்பின், காண்போர் நெஞ்சம் நடுங்கியிருக்கும். அந்நடுக்கத்தைப் படம் நமக்குத் தவிர்த்துவிடுகிறது. நாமும் வேலுவுக்கு அழுதுவிட்டுக் கேள்கரின் மகனை மறந்துவிடுகிறோம்.

3. 'சுப்ரமணியபுரம்'

2008இல் சசிகுமார் இயக்கிய இப்படம் 1980ஆம் ஆண்டு மதுரையைக் களனாகக் கொண்டது. நண்பன் அழகர் காதலின் பெயரால் வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட, பரமன் பழி முடிக்கிறான். பின் காசி என்னும் நண்பனின் காட்டிக்கொடுத்தலால் மாள்கிறான். கதை இங்கு முடியவில்லை. 28 ஆண்டு கழித்துச் சிறையினின்று வெளிப்படும் காசியைப் பழந்தோழர் கை தேடி வருகிறது. 'நாயகன்' சாவைக் கதையின் முற்றுப்புள்ளி ஆக்கிற்று; இப்படமோ அதனைத் தொடரின் இடைப்புள்ளி ஆக்கிற்று. பழி என்பதன் இயல்பை உணர்ந்தது இதுவே என்போம்.

4. முடிபு

யாம் பணிபுரியும் திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றுட் பல, அரசன் ஆட்சியாண்டும், இறந்தவன் இன்னாருடைய வீரன் என்பதும் கூறி, 'பட்டான்' என்னும் ஒரு சொல்லோடு அமைகின்றன. தமிழகத்தில் ஆநிரை மீட்டோர்க்கும் கவர்ந்தோர்க்கும் கல் எடுத்த வழக்கம் உண்டு. கல் வீரத்தைப் போற்றிற்று. ஆயின் யார் பொருட்டு, எச்செயலில் பட்டான் என்பதை மறைக்கவில்லை.

திரையில் எதிர்த்தலைவன் சாயும்போது அரங்கம் கண்ணீர் விடுகிறது. அக்கண்ணீர் கொலையை வழிபாடாக மாற்றிவிடுமோ என்னும் அச்சம் பொய்யன்று. அதற்கு மருந்து தணிக்கையின் துப்பாக்கிக் குண்டன்று. அவனால் தந்தையையோ மகனையோ இழந்தவர் முகத்தையும் அவ்விறுதிக் காட்சியில் நிறுத்துதலே மருந்து. அம்முகத்தைக் காட்டும் படத்தில் சாவு அறமாகும். மறைக்கும் படத்தில் அது வெறும் முடிவாகும்.