உரைகாரர்களின் கலை

1740இல் லண்டனில் ஒரு சிறு வெளியீடு வந்தது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. முந்தைய ஆண்டு வெளிவந்து படிப்பாரின்றிக் கிடந்த ஒரு தத்துவ நூலை எடுத்து விளக்குவதும், அதற்காகப் பரிந்து பேசுவதுமே அதன் வேலை. அந்த நூல் 'மனித இயல்பு பற்றிய ஆய்வுரை'. எழுதியவர் டேவிட் ஹியூம். விளக்க வெளியீட்டை எழுதியவரும் அவரேதான் என்பது உறுதிப்பட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அதுவரை அது ஆடம் ஸ்மித்தின் கைவேலை என்ற எண்ணம் நிலவியது. பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸும் பியரோ ஸ்ராஃபாவும் சேர்ந்து ஆராய்ந்து, 1938இல் முன்னுரையோடு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். அது ஹியூம் எழுதியதுதான் என்பது அப்போதுதான் நிலைபெற்றது.

அந்த வெளியீட்டின் அழகு, அது எதையெல்லாம் விட்டுவிட்டது என்பதில் இருக்கிறது. மூல நூல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீள்வது. காலம், வெளி, உணர்ச்சிகள், சுயம் என்று பரந்து செல்வது. எல்லாவற்றையும் சுருக்கித் தர ஹியூம் முயலவில்லை. காரணகாரியம் பற்றிய ஒரே வாதத்தைக் கையில் எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிதானமாக நடத்திக் காட்டுகிறார். மற்றவற்றைத் தொட்டுவிட்டு நகர்கிறார். பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு பந்து உருண்டு வந்து இன்னொன்றின் மேல் மோதுகிறது. மோதப்பட்ட பந்து ஓடுகிறது. நம் கண்ணுக்குப் பட்டவை என்ன? இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. ஒன்று முன்னும் மற்றது பின்னும் நடந்தது. இதற்கு முன்பும் எப்போதும் இப்படியே நடந்திருக்கிறது. அவ்வளவுதான். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போன 'சக்தி'யை எவரும் பார்த்ததில்லை. முழு அறிவோடும் அனுபவம் எதுவும் இல்லாமலும் படைக்கப்பட்ட ஆதாம் அந்த மேசையருகே நின்றிருந்தால், மோதலுக்குப் பின் என்ன நடக்கும் என்று அவனால் சொல்லியிருக்க முடியாது. நம்மைச் சொல்லவைப்பது பழக்கம்.

நல்ல வாசிப்பு வழிகாட்டியின் முதல் குணம் இந்தத் துணிவு. எந்த இழையைப் பிடித்து இழுத்தால் முழு நெசவும் அசையும் என்று அதற்குத் தெரிந்திருக்கும். அத்தியாயத்துக்கு ஒரு பத்தி வீதம் சுருக்கித் தரும் நூல்கள் தேர்வு எழுதுபவர்களுக்கு உதவலாம். அவற்றைப் படித்து முடித்தவர் மூல நூலைத் தேடிப் போவது அரிது. உரையை மூடியதும் கை மூலத்தை நோக்கி நீள்கிறதா என்பதுதான் ரசிகருக்கு அளவுகோல்.

ஹியூமின் அந்த வாதத்தை எதிர்கொண்டதால் விளைந்ததுதான் இமானுவேல் காண்டின் 'தூய அறிவின் விமர்சனம்'. 1781இல் அது வெளியானபோது காண்டுக்கு வயது 57. முதல் பதிப்பு 850 பக்கங்களைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கோட்டிங்கன் இதழ் ஒன்றில் மதிப்புரை வந்தது. கார்வே எழுதியதை ஃபெடர் வெட்டித் திருத்தியிருந்தார். பார்க்லியின் கருத்துமுதல்வாதம் இன்னொரு வேடத்தில் வந்திருக்கிறது என்பதுபோல அது நூலை ஒதுக்கியது. காண்ட் மனம் புண்பட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. 1783இல் தம் நூலுக்குத் தாமே ஒரு வழிகாட்டி எழுதினார். 'புரோலெகோமெனா' என்று அறியப்படும் அச்சிறு நூல் பாதையைத் திருப்பிப் போடுகிறது. மூல நூல் அறிவின் ஆதாரக் கூறுகளிலிருந்து தொடங்கி மேலே கட்டிச் செல்கிறது. சிறு நூலோ கணிதமும் இயற்கை அறிவியலும் கண்முன்னே நிற்கின்றன என்று ஏற்றுக்கொண்டு, அவை எப்படிச் சாத்தியமாயின என்று பின்னோக்கிக் கேட்கிறது.

படிக்கச் சுகமான நூல்தான். ஆனால் அதை மட்டும் படித்து நிறுத்துபவர், காண்ட் நியூட்டனின் இயற்பியலை முன்கூட்டியே நம்பிக்கொண்டு வாதாடுகிறார் என்று முடிவுகட்டிவிடுவார். பெரிய நூலின் உயிர்நாடி, அப்படி எதையும் கடன் வாங்காமல் தொடங்குவதில் இருக்கிறது. ஆசிரியரே எழுதிய உரை என்பதாலேயே அது போதுமானதாகிவிடாது.

காண்டின் காலத்திலேயே அவருக்கு இரண்டு வகை உரைகாரர்கள் அமைந்தார்கள். கோனிக்ஸ்பெர்க்கின் அரசவைப் போதகர் யோஹான் ஷுல்ட்ஸ் 1784இல் மூலத்தின் போக்கிலேயே சென்று ஒரு விளக்கநூல் எழுதினார். கார்ல் லியோன்ஹார்ட் ரெய்ன்ஹோல்ட் 1786 முதல் ஓர் இதழில் கடிதங்களாக எழுதினார். அவர் நூலின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கினார்: கடவுள், ஆன்மா, அறம் ஆகியவற்றுக்குக் காண்டின் முடிவுகள் என்ன செய்கின்றன என்று காட்டினார். வாசகர்கள் கூடினார்கள், அவருக்கு யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. 1797இல், தம்மைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது காண்ட் சுட்டிய பெயர் ஷுல்ட்ஸ். அந்தத் தேர்வு நியாயமானது. ஆனாலும் ஜெர்மானிய வாசகர்களைக் காண்டின் பக்கம் திருப்பியவர் ரெய்ன்ஹோல்ட்தான். உரைக்கலைக்கு இருவரும் தேவை.

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில உரைகளில் இந்தக் கலை எவ்வளவு நுட்பமடைந்தது என்பதைப் பார்க்க, ஒரு சில பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பல உரைகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 'இரண்டாம் ஒப்புமை' என்ற பகுதி அதற்கு ஏற்றது. காண்ட் ஹியூமுக்குப் பதில் சொல்லும் இடம் அதுதான். ஒரு வீட்டைப் பார்க்கிறோம்: கூரையிலிருந்து அடித்தளத்துக்கும் பார்வை போகலாம், கீழிருந்து மேலும் போகலாம். ஆற்றோட்டத்தில் செல்லும் ஒரு கப்பலைப் பார்க்கிறோம்: அதை மேலே கண்ட பிறகுதான் கீழே காண முடியும், அந்த வரிசையை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. இந்த மாற்றமுடியாமையிலிருந்து, நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஒரு விதிப்படி முந்தையதைத் தொடர்ந்தே வருகிறது என்ற முடிவை நோக்கிக் காண்ட் நகர்கிறார். எப்படி நகர்ந்தார் என்பதில்தான் உரைகாரர்கள் பிரிகிறார்கள்.

நார்மன் கெம்ப் ஸ்மித் 1918இல் தம் பெரிய உரையை வெளியிட்டார். அவருடைய மொழிபெயர்ப்பு 1929இல் வந்து பல தலைமுறைகளுக்கு ஆங்கிலக் காண்டாக விளங்கியது. அவர் கண்ணுக்கு இந்தப் பகுதியில் தெரிவது ஒரு வாதம் மட்டுமில்லை, பல வாதங்கள். காண்ட் வெவ்வேறு காலங்களில் எழுதிவைத்த குறிப்புகளை ஒட்டிச் சேர்த்தே நூலை ஆக்கினார் என்ற ஒட்டுவேலைக் கொள்கையை வைஹிங்கர், அடிக்கெஸ் ஆகியோரிடமிருந்து பெற்று அவர் வளர்த்தெடுத்தார். மூலத்தில் முரண்பாடு தெரிந்தால் இரண்டு காலத்துக் காண்ட்கள் அங்கே மோதுகிறார்கள் என்பார். 1936இல் எச். ஜே. பேட்டன் இரண்டு தொகுதிகளில் இதற்கு மறுப்பு எழுதினார். நூலின் முதல் பாதிக்கே அவருக்கு இரண்டு தொகுதிகள் தேவைப்பட்டன. பொறுமையாகப் படித்தால் முரண்பாடுகளில் பெரும்பாலானவை கரைந்துபோகும் என்பது அவர் நம்பிக்கை. பேட்டனின் நடை அவசரமே அறியாதது. ஒரு வாக்கியத்தை விட்டு அடுத்ததற்குப் போகுமுன் முதல் வாக்கியத்துக்குச் செய்ய வேண்டிய கடமையை முடித்துவிட்டே போகும்.

பிறகு 1966. பி. எஃப். ஸ்ட்ராசனின் 'புலனறிவின் எல்லைகள்'. அந்தத் தலைப்பே காண்ட் ஒருகாலத்தில் தம் நூலுக்கு எண்ணியிருந்த தலைப்பின் எதிரொலி. ஸ்ட்ராசன் தயக்கமின்றிக் கத்தியை எடுக்கிறார். அனுபவம் என்று எதையாவது நாம் சொல்லவேண்டுமானால் அதற்கு எவை இன்றியமையாதவை என்ற ஆய்வைக் காண்டிடமிருந்து காப்பாற்றுகிறார். மனமே உலகை ஆக்குகிறது என்ற கோட்பாட்டை அறுத்தெறிகிறார். கப்பல் வாதத்தில் அப்பட்டமான ஒரு நழுவல் இருக்கிறது என்று காட்டுகிறார். கப்பல் மேலிருந்து கீழே வந்தது என்று வைத்துக்கொண்டால் நம் காட்சிகளின் வரிசை அப்படி இருந்தே ஆக வேண்டும்; சரி. அதனால் கப்பல் கீழே வந்தே ஆகவேண்டியிருந்தது என்றாகுமா? ஒரு கட்டாயம் இன்னொரு கட்டாயமாக ஓசையின்றி மாறிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு.

1983இல் ஹென்றி ஆலிசன் காண்டின் தரப்பை எடுத்துப் பேச வந்தார். காட்சிகளின் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு காண்ட் எதையும் ஊகிக்கவில்லை. 'இது ஒரு நிகழ்ச்சி' என்று எண்ணுவதே ஏற்கெனவே ஒரு விதியை உள்ளடக்கியது என்பதுதான் வாதம் என்று அவர் வாசித்தார். இருவரையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு அந்த மூலப் பக்கங்களுக்குத் திரும்புகிறவருக்கு, முன்பு மங்கலாகத் தோன்றிய வரி ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பைக் கேட்டு நிற்கும். இந்த இன்பத்துக்காகவே உரைகளைப் படிக்கலாம். புதிதாக வருபவர் இந்த வழக்கு முழுவதையும் ஒரே இடத்தில் காண 1999இல் வந்த செபாஸ்டியன் கார்ட்னரின் வழிகாட்டி உதவும். அவர் தரப்புகளைச் சமமாக நிறுத்தி விசாரிக்கிறார். ஸ்ட்ராசனின் வேகம் அவரிடம் இல்லை. நிதானம் இருக்கிறது, முதல் வாசிப்புக்கு நிதானமே நல்லது.

உரைகாரர் மூல ஆசிரியரோடு உடன்பட வேண்டுமா? ஸ்பினோசாவின் வாழ்நாளில் அவர் பெயரோடு வெளிவந்த ஒரே நூல், இன்னொருவருக்கு எழுதிய உரை. மாணவர் ஒருவருக்குப் பாடமாகச் சொல்லத் தொடங்கியதை நண்பர்களின் வேண்டுகோளால் விரித்து, தெக்கார்த்தின் 'தத்துவக் கோட்பாடுகள்' நூலை வடிவியல் முறையில் அமைத்து 1663இல் வெளியிட்டார். ஸ்பினோசா அதிலுள்ள எல்லாவற்றையும் ஏற்பவர் அல்லர் என்று நண்பர் லோட்விக் மேயர் முன்னுரையில் தெளிவாக எழுதினார். தாம் ஏற்காத கருத்தையும் அதன் முழு வலிமையோடு நிறுத்திக் காட்டிய நூல் அது. லைப்னிட்ஸும் லாக்கின் பெருநூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பின்தொடர்ந்து ஓர் உரையாடல் எழுதினார். 1704இல் லாக் இறந்துபோனதால் அதை அச்சுக்குத் தராமல் வைத்துவிட்டார். அது 1765இல்தான் வெளிவந்தது.

மூலத்தை மீறிப் போன உரைக்குப் பெரிய சான்று பாரிஸில் இருக்கிறது. 1933 முதல் 1939 வரை அலெக்ஸாந்தர் கோஜேவ் அங்கே ஹெகலின் 'ஆன்மாவின் நிகழ்வியல்' நூலுக்குப் பாடம் நடத்தினார். கேட்டவர்களில் லக்கான், பத்தாய், மெர்லோ-பொன்ட்டி ஆகியோர் உண்டு. நாவலாசிரியர் ரேமோன் கெனோ குறிப்புகளைத் தொகுத்து 1947இல் நூலாக்கினார். ஆண்டானும் அடிமையும் பற்றிய சில பக்கப் பகுதியைக் கோஜேவ் முழு நூலுக்கும் திறவுகோலாக்கினார். மனித வரலாறே அங்கீகாரத்துக்கான போராட்டமாகிவிட்டது. ஹெகலை அறிய அது நம்பத்தக்க வழிகாட்டி ஆகாது. நூலின் அமைப்பை அறிய வேண்டுமானால் 1946இல் வந்த ழான் இப்போலித்தின் உரையே மேல். ஆனால் ஒரு பழைய நூலை எரியும் நிகழ்காலத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதில் கோஜேவுக்கு இணையானவர் எவருமில்லை. அவரை உரைகாரராகப் படிப்பதைவிட ஒரு தத்துவவாதியாகப் படிப்பது பொருந்தும்.

கடையில் ஒரு வழிகாட்டியைப் புரட்டிப் பார்க்கும் வாசகர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காண்ட் பற்றிய நூல் என்றால், முதல் இரண்டு பதிப்புகளின் பக்க எண்களான 'ஏ', 'பி' குறிகள் வரிக்கு வரி இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்த நூல் வாசகரை மூலத்திடம் அனுப்ப விரும்பவில்லை என்று பொருள். ஹெகலுக்கு, ஏ. வி. மில்லரின் 1977 மொழிபெயர்ப்பு 808 பத்திகளுக்கும் எண் இட்டு, இறுதியில் ஃபின்ட்லேயின் பத்திச் சுருக்கத்தையும் சேர்த்திருக்கிறது. இன்னொன்று: ஆசிரியர் தடுமாறும் இடத்தில் உரைகாரர் அதைத் தடுமாற்றம் என்று சொல்கிறாரா? எல்லாமே தெளிவு என்று நடிக்கும் உரை வாசகரைத் தன்மேலேயே ஐயம்கொள்ள வைக்கும். அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்குத் தெக்கார்த்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தம் 'தத்துவக் கோட்பாடுகள்' நூலின் 1647 பிரெஞ்சுப் பதிப்புக்கு எழுதிய முகவுரையில் அவரே வாசிக்கும் முறையைச் சொல்லித் தருகிறார்: முதல் முறை ஒரு நாவலைப் போல நிற்காமல் படித்துச் செல்லுங்கள், இரண்டாம் முறை வாதங்களின் தொடர்ச்சியைப் பார்த்து, புரியாத இடத்தில் பேனாவால் கோடிடுங்கள், மூன்றாம் முறை அந்தக் கோடுகளுக்குத் திரும்புங்கள். 1641இல் வந்த 'தியானங்கள்' அதன் உரைகளோடேயே பிறந்த நூல். நண்பர் மெர்சென் கையெழுத்துப்படியை அறிஞர்களுக்கு அனுப்பி மறுப்புகள் வாங்கினார். ஹாப்ஸ், கசெந்தி, ஆர்னோ எழுதினார்கள். தெக்கார்த் பதில் எழுதினார். எல்லாம் ஒரே கட்டில் அச்சாயின. 29 வயது ஆர்னோ வட்டத்தைக் கண்டுபிடித்தார்: தெளிவாகத் தோன்றுவது உண்மை என்பதற்குக் கடவுள் சான்று, கடவுள் இருக்கிறார் என்பதற்குச் சான்று அது தெளிவாகத் தோன்றுவது. இன்றுவரை தெக்கார்த் பற்றிய எந்த நல்ல உரையும் இந்த இடத்தில் நின்று பேசாமல் போவதில்லை. எனவே ஆறு தியானங்களையும், பிறகு ஆர்னோவின் மறுப்பையும், பிறகு தெக்கார்த்தின் பதிலையும் இந்த வரிசையில் படியுங்கள். பெர்னார்ட் வில்லியம்ஸின் 1978ஆம் ஆண்டு நூலையோ வேறெந்த உரையையோ அதற்குப் பிறகு திறவுங்கள்.