கேரட்டின் தோள்

கத்தரிக்காய் கண்ணெதிரே தொங்குகிறது. பிஞ்சா முற்றலா என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். கேரட் அழுத்தமான ஆள். மேலே தழை சிலுசிலுவென்று ஆடும். அடியில் என்ன நடக்கிறதென்று மண்ணுக்குத்தான் தெரியும்.

விதைப் பாக்கெட்டில் 70, 80 நாள் என்று போட்டிருப்பார்கள். ஊட்டிக் குளிரில் அது 100-ஐத் தாண்டுவதும் உண்டு. தழையின் செழிப்பை நம்பினாலும் மோசம்தான். தழைச்சத்து கூடிப்போனால் மேலே காடு, கீழே சுண்டுவிரல்!

பார்க்கவேண்டியது தோளை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் லேசாகக் கிளறினால் ஆரஞ்சு வட்டம் எட்டிப்பார்க்கும். கட்டைவிரல் அகலம் வந்து நிறமும் ஏறியிருந்தால் பிடுங்கலாம். வெளிறியிருந்தால் மண்ணை மறுபடி மூடிவிட வேண்டும். வெயில் பட்டால் தோள் பச்சையாகிக் கசக்கும். அப்போதும் சந்தேகமா? ஒன்றைப் பிடுங்கிக் கழுவி, கடித்துப் பார்ப்பதே உத்தமம்.

ரொம்பவும் காத்திருந்தால் நடுப்பகுதி கட்டை தட்டும், உடம்பெல்லாம் வெள்ளை வேர் மீசை முளைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்கு நல்லது. காய்ந்து கிடந்த கேரட்டுக்குத் திடீரென்று தண்ணீர் கொட்டினால் நெடுக வெடித்துவிடும்.

நீலகிரியில் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்கள். கழுவி மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டுமே. மாடித்தோட்டக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. பிடுங்கிய கையோடு தழையை மட்டும் திருகிவிட வேண்டும். விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.