பெர்லில் ‘மை’ தரும் மறைவு

பெர்ல் மொழியின் பேக்கேஜுக்குப் பூட்டு கிடையாது. பெயர்கள் மோதாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. முழுப்பெயர் தெரிந்தால் வெளியிலிருந்தும் அதன் மாறியைத் தொடலாம். ‘பிளெஸ்’ செய்து ஆப்ஜெக்டாக்கிய ஹாஷும் அப்படியே திறந்து கிடக்கும். மறைவைத் தருவது ‘மை’ என்ற சின்னஞ்சிறு அறிவிப்பு: அந்த மாறியை அதே அடைப்புக்குள் எழுதிய சப்ரூட்டீன்கள் மட்டுமே எட்டும். இவ்வளவு சிக்கனமான காவல் அரிது. 2023இல் வந்த 5.38 பதிப்பு, சோதனை வசதியாக, ‘கிளாஸ்’, ‘ஃபீல்டு’ இரண்டையும் சேர்த்தது. ஃபீல்டை வாரிசு வகுப்புகூட நேரடியாகப் பார்க்க முடியாது. பைத்தான் மொழி இதில் தாராளம்: இரட்டை அடிக்கோடு பெயரை உருமாற்றுவதோடு சரி. கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கும் இந்த மறைவு முரணல்ல. மறைவெல்லாம் மற்ற நிரல் பகுதிகளிடமிருந்துதான், மூல நிரலைப் படிப்பவருக்கு அத்தனையும் தெரியும்.