பாலம் தெரிகிறது, பாட்டாளி தெரியவில்லை!

மாடமாளிகையைக் காட்டி மயக்கும் நகரம் உண்டு. கூடகோபுரத்தைக் காட்டிக் குனிய வைக்கும் நகரம் உண்டு. போர் தந்த புண்ணைக் காட்டிப் பிழைக்கும் நகரமும் உண்டு. சயாம் என்று நம் பாட்டன்மார் அழைத்த தாய்லாந்து நாட்டின் காஞ்சனபுரி, இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. காஞ்சனம் என்றால் பொன். பொன்னகர் என்று பெயர், காட்டப்படுவதோ புதைகுழி!

பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். வழிகாட்டி முன்னே நடக்கிறார்; உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் பின்னே நடக்கிறார்கள். கல்லறைத் தோட்டம், காட்சிக்கூடம், ஆற்றுப் பாலம் - மூன்றையும் பார்க்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், படம் பிடித்துக்கொள்கிறார்கள், திரும்புகிறார்கள். 'மரண ரயில்' வரலாறு முழுவதையும் கண்டுவிட்டோம் என்ற மனநிறைவோடு திரும்புகிறார்கள்.

நாடகத்தைத் திறனாய்கிறோம், நாவலைத் திறனாய்கிறோம். நடைப்பயணத்தையும் திறனாய வேண்டும் என்கிறோம் நாம். இதைப் பார், அதை விடு, இங்கே நில், அங்கே நகர் என்று மக்களை அழைத்துச் செல்லும் பயணமும் ஒரு நூல்தான். அதற்கும் ஆசிரியன் உண்டு, அத்தியாயம் உண்டு, கதாநாயகன் உண்டு. கிழித்தெறியப்பட்ட பக்கங்களும் உண்டு. கிழிந்துபோன பக்கங்கள் நம்முடையவை. ஆகவே கேள்வியும் நம்முடையதாகிறது.

முதலில் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவில் இருந்த தன் படைக்குத் தளவாடம் அனுப்பக் கடல்வழி ஆபத்தானது என்று கண்ட ஜப்பான், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட முனைந்தது. காடு, மலை, மழை, காய்ச்சல் - எதையும் எண்ணவில்லை, ஆளையும் எண்ணவில்லை. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழிகாட்டி இதை உருக்கமாகச் சொல்கிறார். சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான்.

ஆனால், கணக்கு அதோடு முடிகிறதா? மலாயா, பர்மா, ஜாவா, சயாம் ஆகிய நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சம் அளவினர் என்பது மதிப்பீடு. மாண்டவர் 90,000 பேர் வரை இருக்கலாம் என்கின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். கைதிகளின் சாவுக்குத் துல்லியமான எண் இருக்கிறது. கூலிகளின் சாவுக்கு 'இருக்கலாம்' இருக்கிறது! இந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லில்தான் நம் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நடைப்பயணத்தின் முதல் அத்தியாயம் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டிச் சீராக்கிய புல்தரை. வரிசை தவறாத கற்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் வாந்திபேதியால் மடிந்து, எரிக்கப்பட்ட 300 கைதிகளின் சாம்பல் இரண்டு குழிகளில் இருக்கிறது. சாம்பலானவர்களையும் விட்டுவிடவில்லை, அவர்கள் பெயர்களையும் மண்டபத்தில் பொறித்துவைத்திருக்கிறார்கள். அதே மழைக்காலத்தில் அதே வாந்திபேதி தமிழர் குடிசைகளிலும் புகுந்தது. அவர்கள் பெயர் எந்தப் பலகையில்?

இரண்டாம் அத்தியாயம் காட்சிக்கூடம். ஆற்றங்கரைப் புத்த மடமொன்றில் 1977-இல் அமைக்கப்பட்ட காட்சிக்கூடத்துக்கு 'ஜீத்' என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து - இவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்துக் கட்டிய பெயர் அது. அடித்தவன் நாடு பெயரில் இருக்கிறது. அடிபட்ட வெள்ளையன் நாடு இருக்கிறது. இடம் கொடுத்த நாடு இருக்கிறது. மிகுதியாக மாண்ட மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் ஓர் எழுத்துக்கூட இல்லை! சாவதற்கு முதலிடம், எழுத்தில் கடைசி இடமும் இல்லை.

மூன்றாம் அத்தியாயம் பாலம். பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-இல் நாவலாக எழுதினார். 1957-இல் அது திரைப்படமாகி ஏழு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிச் சென்றது. படம் எடுக்கப்பட்டதோ சயாமில் அன்று, இலங்கையின் கித்துல்கலையில்! படத்தில் மரப்பாலம் வெடித்துச் சிதறுகிறது. காஞ்சனபுரியில் இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது, இரயிலும் ஓடுகிறது. கதைக்கும் இடத்துக்கும் பொருத்தமில்லையே என்று கதையைத் திருத்தினார்களா? இல்லை, ஆற்றைத் திருத்தினார்கள்! மே குளோங் என்று வழங்கிய அந்தப் பகுதிக்கு, 1960-இல் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். படம் பார்த்து வருபவன் ஏமாறக் கூடாதல்லவா? பொய்க்காக மெய் தன் பெயரை மாற்றிக்கொண்ட விந்தை இது.

விந்தைக்குள் ஒரு வேதனையும் உண்டு. பூல் அவர்கள் போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். தோட்டம் என்றால் யார்? பால் வெட்டிய தமிழன், புல் செதுக்கிய தமிழச்சி! தோட்டத்தை அறிந்தவர் எழுதிய கதையில், வெள்ளைத் தளபதியின் விறைப்பும் வீறாப்பும் விரிவாக வருகின்றன. காட்டில் மடிந்த கூலியோ, ஒரு குடும்பமாக, ஒரு குரலாக, கதையின் நடுவே வரவில்லை. நூலாசிரியர் விட்டதைப் படம் விட்டது. படம் விட்டதை வழிகாட்டி விட்டார். விடுதல் மட்டும் தவறாமல் தொடர்கிறது.

உடனே நிறவெறி என்று கூறி முடித்துவிடுவது எளிது. பகுத்தறிவாளன் காரணத்தைத் துருவிப் பார்க்க வேண்டும். கைதிகளுக்குப் படையமைப்பு இருந்தது, அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், மறைத்துவைத்த ஏடுகளில் மாண்டவர் பெயரை எழுதிவைத்தார்கள். போர் முடிந்ததும் 1945 செப்டம்பரிலேயே கல்லறை தேடும் குழு பாதை நெடுகப் பயணம் செய்து, 10,000-க்கும் மேற்பட்ட குழிகளைக் குறித்துவந்தது. அரசு பின்னால் நின்றது. ஆதலால் அவர்களுக்குக் கல் நின்றது.

தமிழனுக்குப் பின்னால் யார் நின்றார்? வெள்ளைத் துரை ஓடிவிட்டான், இரப்பர் வாங்குவாரில்லை, அரிசி கிடைப்பதில்லை. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மயங்காதவர்களைப் பிடித்தே ஏற்றினார்கள். படம் காட்டுகிறோம் என்று அழைத்து, வந்த கூட்டத்தை லாரியில் அள்ளிச் சென்றதும் உண்டு. பெண்டு பிள்ளைகளும் சென்றனர். முகாமில் மருத்துவரில்லை, மருந்தில்லை, பெயர் எழுத ஏடுமில்லை. கொதித்த நீரைத் தவிர வேறு நீரைத் தொடாதே என்று கைதிகளின் மருத்துவர்கள் கட்டளையிட்டுப் பல உயிர்களைக் காத்தார்கள்; கூலிக் குடிசையில் அதைச் சொல்லவும் ஆளில்லை. அவர்களைக் கொன்றது விதியன்று, நண்பர்களே! விதி என்று சொல்வது, கொன்றவனுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

கோவையிலிருந்துகொண்டு காஞ்சனபுரிக்கு ஏன் கண்ணீர் என்று கேட்கக்கூடும். மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் வானத்திலிருந்து விழுந்தவர்களல்லர். தஞ்சை, ஆர்க்காடு மாவட்டங்களோடு, நாமக்கல்லும் இராசிபுரமும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டமும், கரூர் அடங்கிய அன்றைய திருச்சி மாவட்டமும் ஆள் கொடுத்த மாவட்டங்கள். கொங்கு மண்ணின் வறண்ட மேட்டுக் காட்டில், பண்ணையத்தாரிடம் பட்ட கடனும் தீண்டாமையும் விரட்ட, கங்காணி காட்டிய வழியில் நடந்தவர்கள். உதவிப் பயணத்தில் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடுத்தது. அதற்குள் இலட்சக்கணக்கானோர் போய்விட்டிருந்தனர். அந்தக் கங்காணி யார்? அவனும் தமிழன்! பழி முழுவதையும் ஜப்பானியன் தலையிலும் வெள்ளையன் தலையிலும் வைத்துவிட்டுக் கைகழுவ முடியாது. ஊரில் நிலமும் மதிப்பும் கொடுத்திருந்தால் அவன் ஏன் கடல் கடந்தான்?

நியாயம் கூற வேண்டிய இடத்தில் நியாயத்தையும் கூறுவோம். கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 2003-இல் அமைந்த ஆய்வுக்கூடமும், மலையைக் குடைந்து வழி வெட்டிய 'நரகத்தீக் கணவாய்' அருகே ஆஸ்திரேலிய அரசு 1998-இல் அமைத்த காட்சிக்கூடமும் ஆசியத் தொழிலாளரைப் பற்றியும் எடுத்துரைக்கின்றன. ஜப்பானியப் படையே 1944-இல் பாலத்தருகே எழுப்பிய நினைவுத்தூணில், பல மொழிகளுள் ஒன்றாகத் தமிழும் இருக்கிறது. கொன்றவன் கல்லில் தமிழ் இருக்கிறது. மீட்க வந்தவன் தோட்டத்தில் தமிழனுக்குக் கல் இல்லை! 1990-இல் கரும்புக் காட்டைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதப்பட்டன. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் வாளாவிருக்கவில்லை. சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். 2023-இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரிப் புத்த மடத்தில் நடுகல் ஒன்றும் நாட்டப்பட்டது.

நடுகல்! ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டுப் பெயரும் பெருமையும் பொறித்தவன் தமிழன். தருமபுரி வட்டாரத்திலும் கொங்கிலும் அத்தகைய கற்கள் இன்றும் நிற்கின்றன. மாடு மீட்டவனுக்குக் கல் வைத்த இனம், மலையைப் பிளந்து மாண்டவனுக்குக் கல் வைக்க எண்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்தக் கல் வந்துவிட்டது. ஆனால் அதிலே பொறிக்கப் பெயர்கள் எங்கே?

அயலூர் வழிகாட்டியைக் கேட்கும் நாம், உள்ளூரில் எப்படி நடக்கிறோம்? கோவையில் பிளேக் நோய் ஊரைச் சூறையாடியது. பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. பிளேக்கில் மாண்டவருக்குப் பட்டியல் இருக்கிறதா? நோய்க்குச் சிலை வைத்தோம்; நோயாளியை மறந்தோம். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் எரிந்தது. எரித்தவர்களின் வீரத்தைப் பேசுகிறோம், பேச வேண்டும். அந்தத் தளத்துக்கு மண் சுமந்தவர்கள் யார், என்ன கூலி பெற்றார்கள் என்று கேட்டதுண்டா? 1946 ஜனவரி 8-இல் சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் நால்வரும் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். வ.உ.சி. இழுத்த செக்கைப் பற்றி அறிந்த மாணவர்கள், அதே சிறையின் இந்த நால்வரையும் அறிய வேண்டாமா? தலைவன் நடந்த தெருவைக் காட்டுவதும், தொழிலாளி நடந்த தெருவைத் தாண்டிச் செல்வதும் காஞ்சனபுரிக்கே உரிய பழக்கமன்று. நம் பழக்கமும் அதுவே.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். காஞ்சனபுரிக்குச் செல்லும் தமிழர், பாலத்தோடு திரும்பாது நடுகல்லுக்கும் செல்லட்டும். அங்கே அழைத்துச் செல் என்று வழிகாட்டியைக் கேட்கட்டும். கேட்பவன் இருந்தால் சொல்பவன் தோன்றுவான். மலாயா சென்று மீளாதவர் பெயரை நாமக்கல்லிலும் கரூரிலும் ஊர் ஊராகக் கேட்டு எழுத இளைஞர் கிளம்பட்டும். மூதாட்டி ஒருத்தியின் நினைவில் ஒரு பெயர் இருக்கும். பெட்டியின் அடியில் ஒரு கடிதம் இருக்கும். அவளும் மறைந்தால் அந்தப் பெயரும் மறையும். வகுப்பில் பிளாசிப் போரின் ஆண்டைக் கேட்கும் ஆசிரியர்களாகிய நாம், சயாம் பாதையின் ஆண்டையும் கற்பிப்போம்.

கைதியின் கல்லறையைப் பறித்துக் கூலிக்குக் கொடு என்று நாம் கேட்கவில்லை. அந்த 7,000 கற்களும் நிலைத்து நிற்கட்டும். அந்த இளைஞர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. அவர்களுக்கு அளித்த மதிப்பே மனிதனுக்கு உரிய மதிப்பு. அது துப்பாக்கி ஏந்தியவனுக்கு மட்டும் உரியதென்று யார் விதித்தார்?

கல் நட்டவர் தம் கடமையைச் செய்துவிட்டார். பெயர் தேடித் தருவது நம் கடமை. தண்டவாளத்தின் அடியில் கிடப்பவன் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. அவனுக்காகக் கேட்க நாம்தான் இருக்கிறோம்!