கோட்டுப் பொத்தானில் எடுத்த அளவு

சமூகத்தை மாற்ற வேண்டும் என்ற துடிப்போடு கேமராவைத் தூக்குகிற இளைஞர்கள் பலரும் ‘வறுமை’, ‘உழைப்பு’ என்று பெரிய தலைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். வறுமையை எப்படிப் படமெடுப்பது? லென்ஸுக்கு முன்னால் ஓர் உடம்பு, ஒரு பொருள், ஓர் இடம் வந்து நின்றாக வேண்டும். எதை நிறுத்துவது என்று தெரிந்தவர்களில் என் மனதில் முதலில் நிற்பவர் அமெரிக்கரான லூயிஸ் ஹைன்.

ஹைன் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். கேமராவைத் தொட்டதே பள்ளி வேலைக்காக. எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை எடுத்த படங்கள் அவர் கையைப் பழக்கின. 1908-ல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டிக்காகப் படமெடுக்கப் போனார். பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என்று ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அலைச்சல். பெட்டி போன்ற கேமரா, கண்ணாடித் தகடுகள், வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு.

குழந்தைத் தொழிலாளர் முறையும் பெரிய தலைப்புதான். அதற்குள் அவர் விடாமல் பற்றிக்கொண்டது உயரத்தை. சிறு பிள்ளைகள் யாரும் எங்களிடம் வேலை செய்யவில்லை என்று ஆலைக்காரர்கள் சாதித்தார்கள். கூலி வேண்டுமே என்று பெற்றோரே வயதைக் கூட்டிச் சொன்னார்கள். காகிதத்தில் வயதை ஏற்றி எழுதிவிடலாம். கால் முதல் தலை வரை உள்ள அளவை ஏற்ற முடியாது. வகுப்பறையில் காலம் கழித்தவருக்கு எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு இருக்கும் என்று சொல்லித் தரவா வேண்டும்?

பைபிள் விற்பவர், தீத்தடுப்பு ஆய்வாளர் என்று ஏதாவது வேஷத்தில் உள்ளே நுழைவார். தன் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பது அவருக்கு மனப்பாடம். பேச்சுக் கொடுத்தபடி பக்கத்தில் நின்று, பிள்ளையின் தலை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்துக்கொள்வார். கோட்டுப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அவருக்கு முந்தைய புகைப்படக்காரர் ஜேக்கப் ரீஸ், நியூயார்க்கின் இருண்ட குடியிருப்புகளுக்குள் திடீர் வெளிச்சத்தோடு புகுந்தவர். அவருடைய சில படங்களில் மனிதர்கள் திகைத்து விழிக்கிறார்கள். ஹைனோ பிள்ளைகளிடம் பெயரைக் கேட்டார், கூலியைக் கேட்டார்.

தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் 1908 நவம்பரில் அவர் எடுத்த படத்தை நிதானமாகப் பாருங்கள். நூற்பு இயந்திரம் படத்தின் ஆழத்துக்குள் நீண்டுகொண்டே போகிறது. அதன் ஓரத்தில் கை வைத்தபடி ஒரு சிறுமி. அழவில்லை, கெஞ்சவில்லை, வேலையில் நிற்கிறாள். ஹைனின் குறிப்பு இரண்டு அளவுகளைத் தருகிறது: உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து அரை வருடம். அதைப் படித்துவிட்டு மறுபடி படத்துக்கு வந்தால், அந்தக் கதிர் வரிசை முழுவதையும் அவள் உயரத்தால் அளக்கத் தொடங்கிவிடுகிறோம். கேமராவை அவர் பெரியவர்களின் கண்மட்டத்திலிருந்து கீழே இறக்கியதால் வந்த பலன் இது. மேலிருந்து எடுத்திருந்தால் அவள் பாவப்பட்ட பிள்ளையாகத் தெரிந்திருப்பாள், இயந்திரம் குட்டையாகியிருக்கும்.

1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டனில் எடுத்த படத்துக்குப் புகழ் அதிகம். கரித்தூசி மண்டிய கூடத்தில் சிறுவர்கள் வரிசை வரிசையாகக் குனிந்து, நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்குகிறார்கள். பார்த்தால் நெஞ்சு பதறும். இருந்தாலும் பதற வைக்கிற படத்தைவிட, அளக்க வைக்கிற லங்காஸ்டர் படத்தையே நான் மேலாக மதிக்கிறேன். பதற்றம் ஒரு நாளில் அடங்கிவிடும். அளந்தவர் சட்டம் கேட்பார்.

சட்டமும் வந்தது, தடுமாறித்தான் வந்தது. 1916-ல் இயற்றியதை 1918-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் 1938-ல் வந்தது. அடுத்த இரண்டாண்டில், 1940-ல், ஹைன் வறுமையில் இறந்தார். கமிட்டிக்காக எடுத்த 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் படத்தோடு நிறுத்திவிடாமல், கூடவே இருக்கும் அவருடைய குறிப்புகளையும் படிக்க வேண்டும். பாதிப் படம் அந்தக் குறிப்பில் இருக்கிறது.