மூட்டை மேல் ஒரு எண்

‘புரதம் 24%’ என்று தீவன மூட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடிப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. பக்கத்துக் கடை மூட்டையில் 23 என்றால் அது மட்டம். கேட்டால், குஞ்சுப் பருவத்தில் புரதம் கொஞ்சம் கூடிப்போனால் என்ன நஷ்டம் என்கிறார்கள். பல்லடம் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்ப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பெனி இறக்குவதைத்தான் அவர் போட வேண்டும். சொந்தக் காசில் வாங்குபவர்தான் இந்த எண்ணைப் பார்த்து மயங்குகிறார்.

இளங்குஞ்சுக்குப் புரதம் அதிகம் வேண்டும் என்பதில் தகராறில்லை. 2007இன் இந்தியத் தர நிர்ணயமே கறிக்கோழியின் முதல் தீவனத்துக்கு 23%, கடைசித் தீவனத்துக்கு 20% என்கிறது. புரதச் சோதனைக்குச் செலவும் குறைவு. தவிட்டை அள்ளிக் கொட்டி ஏமாற்றுபவன் அதில் சிக்குவான்.

ஆனால் அந்தச் சோதனை புரதத்தை அளப்பதே இல்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது; கிடைப்பதற்குக் கச்சாப் புரதம் என்று பெயர். கலப்படத்துக்கு வாகான யூரியாவில் நைட்ரஜன் 46%. இந்தக் கணக்குப்படி அதன் புரதம் 287%! மாட்டுக்காவது முன்வயிற்று நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கித் தரும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. தீவனமாக இன்று புகழப்படும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவிலும் மேல்தோலின் கைட்டினில் உள்ள நைட்ரஜன் புரதக் கணக்கில் ஏறிவிடுகிறது.

கலப்படத்தை விடுங்கள், யோக்கியமான சரக்கிலேயே இந்த எண் ஏமாற்றும். சோயாப் புண்ணாக்கை அளவுக்கு மீறி வறுத்தால் அதிலுள்ள லைசீன் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து குஞ்சுக்குக் கிடைக்காமல் போகும். நிறம் பழுப்பேறியிருக்கும், சோதனைத்தாளில் மட்டும் பழைய எண்ணே வரும். கடலைப் புண்ணாக்கைக் கூட்டினால் சதவீதம் ஏறும், ஆனால் அதில் லைசீனும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு. மக்காச்சோளம், சோயா கலந்த தீவனத்தில் முதலில் தட்டுப்படுவதே மெத்தியோனின்தான். அது தீர்ந்த இடத்தில் சதை வளர்ச்சி நின்றுவிடும்.

மிஞ்சிய புரதத்தைக் குஞ்சு சேமித்து வைக்காது. நைட்ரஜனைக் கழற்றி யூரிக் அமிலமாக்கி வெளியேற்றும். அதற்கும் எரிசக்தி செலவு, தண்ணீரும் கூடக் குடிக்கும். கூளம் நசநசக்கும். விடியற்காலையில் படுதாவைத் தூக்கினால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். குஞ்சைத் திருப்பிப் பாருங்கள், பாதத்தில் கறுத்த புண் இருக்கும். ‘என்ன நஷ்டம்’ என்று கேட்பவர்கள் அந்தப் பாதத்தைப் பார்க்கட்டும்.

எரிசக்தியைச் சொல்லாமல் புரதத்தை மட்டும் சொல்வது இன்னும் அபத்தம். கோழி பெரும்பாலும் எரிசக்தித் தேவைக்கேற்பத் தின்னும். எண்ணெய் சேர்த்த தீவனத்தில் தீனி குறையும். சதவீதம் அதேதான், வயிற்றுக்குள் போகும் புரதம் குறைவு. அப்போது சேர்வது வயிற்றுக் கொழுப்பு. அதனால்தான் தர நிர்ணயமும் 23 சதவீதத்துக்கு கிலோவுக்கு 3000 கிலோ கலோரி, 20க்கு 3200 என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு சதவீதப் புரதத்துக்கு முதலில் சுமார் 130 கிலோ கலோரி, கடைசியில் 160.

அமினோ அமிலச் சோதனைக்குச் செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பெரிய ஆலைகளின் கணினியில் கலவை போடப்படுவதே செரிக்கக்கூடிய லைசீன், மெத்தியோனின், எரிசக்தி அளவுகளை வைத்துத்தான். கைவசம் இருக்கும் அந்த எண்களை மூட்டையில் அச்சிடத்தான் மனமில்லை.